எந்தக் கூண்டு?

என் அன்புக் கணவருக்கு,

பாப்பா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. பந்து பட்டுக் கிழிந்த அவளுடைய இடது செவிப்பறை மூடிவிட்டது.

ஆய்வகத்தில் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளின் காதுகளைத் தினமும் பார்க்கிறவள் நான். மற்ற எலிகளுக்குச் சட்டென்று மூடும் கிழிசல், இவற்றுக்கு ஆமை வேகத்தில்தான் மூடுகிறது. சிலவற்றுக்கு மூடவே இல்லை. நம் பாப்பாவுக்கும் அதே சர்க்கரைதானே? போனில் எலிகளைப் பற்றி ஆரம்பித்தேன்; முழுசாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நம்ம பொண்ணு எலி இல்லடி" என்று நீங்கள் சிரித்தபோது பேச்சை மாற்றிவிட்டேன்.

ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்த எலிகள் தேறின. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வேளை தவறாமல் அவளுக்கு ஊசி போட்டேன். அவள் கண்ணுக்கு ராட்சசியானேன்.

இன்று டாக்டர், என் மடியில் உட்கார்ந்திருந்தவளின் காதைப் பார்த்துவிட்டு, "நல்லா மூடிருச்சும்மா" என்றார்.

ஆய்வகப் பழக்கதோஷத்தில், "எந்தக் கூண்டு டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

"இது கூண்டு இல்லம்மா, உங்க மடி" என்றார்.

வீட்டுக்கு வந்தும் மனசு அடங்கவில்லை. அவளுடைய வலது காதைப் பஞ்சால் அடைத்துவிட்டு, சமையலறையில் நின்று கிசுகிசுத்தேன்: "பாப்பா, ஊசி போடலாமா?"

"முடியாது, போ" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது.

ஜென்மத்தில் எந்த 'முடியாது'வும் எனக்கு இவ்வளவு இனித்ததில்லை. இருந்தாலும் துரத்திப் பிடித்து, ஊசியைப் போட்ட பிறகுதான் விட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் எலிக்காரி