வைத்தியசாலைப் பெண்கள் விடுதியில் மனைவியின் அருகில் இருக்க அனுமதி கோரல்

அனுப்புநர்:
ம. அடைக்கலநாதன்,
கடற்றொழிலாளர்,
குருநகர், யாழ்ப்பாணம்.

பெறுநர்:
பணிப்பாளர்,
வடகரைப் பொது வைத்தியசாலை,
யாழ்ப்பாணம்.

பொருள்: முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்குப் பின் எனது மனைவி ஸ்ரெல்லாவுடன் இரவில் தங்க அனுமதி மறுக்கப்பட்டமை.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனது மனைவி மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறியிருந்தவர். இவ்வருடம் அந்நோய் முள்ளந்தண்டுக்குப் பரவியுள்ளது. தங்கள் வைத்தியசாலைப் பெண்கள் விடுதியில் இப்போது இருக்கும் அவருக்கு வரும் செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சை. நரம்பை அழுத்தும் பகுதியை அகற்றி, ஆணி பொருத்தி முள்ளந்தண்டை நிலைநிறுத்துவார்கள். இதனால் நோய் மாறாது, ஆனால் நடையைக் காப்பாற்றலாம், வலி குறையலாம் என்று வைத்தியர் எங்கள் இருவருக்கும் ஒளிக்காமல் சொன்னார். நடந்தால் போதும் என்று ஸ்ரெல்லா சம்மதித்தார்.

2. சத்திரசிகிச்சைக்குப் பின் காலில் விறைப்போ பலக்குறைவோ தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும், தாமதித்தால் கால் வழங்காமலே போய்விடலாம் என்றும் வைத்தியர் கூறினார்.

3. அதனால் இரவில் நான் தங்க அனுமதி கேட்டேன். பெண்கள் விடுதியில் ஆண்கள் தங்க முடியாது, ஒரு பெண்ணை அமர்த்துங்கள் என்று அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். விதி நியாயமானது. எங்கள் ஒரே மகள் லவீனா மன்னாரில் கைக்குழந்தையுடன் இருப்பதால் வேறொரு பெண்ணை அமர்த்தியும் விட்டேன். அவரிலோ தாதியரிலோ எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை என் மனைவியில்தான். பிறத்தியாரிடம் அவர் நோகிறதென்று சொல்லமாட்டார்.

4. சென்ற வாரம் இதே விடுதியில், தாதி கேட்ட போதெல்லாம் "எனக்கொண்டுமில்லைப் பிள்ளை, நீர் போய் மற்றவையைப் பாரும்" என்றே சொல்லியிருக்கிறார். பின்னேரம் நான் போனதும், "இஞ்சருங்கோ, இப்பதானே உங்களுக்கு வழி தெரிஞ்சது? விடியத் தொடக்கம் வலக்கால் விறைச்சுக் கிடக்குது, நான் ஆரிட்டைச் சொல்லுறது?" என்று ஏசினார். ஓடிப்போய்த் தாதியிடம் சொன்னேன். அன்றே ஸ்கான் எடுத்தார்கள். நரம்பு அழுத்தப்படுவது அப்போதுதான் தெரியவந்தது.

5. தன் நோவை அவர் ஏச்சாகத்தான் சொல்வார், அதையும் என்னிடம் மட்டும்தான் சொல்வார். லவீனா பிறந்த அன்று, நான் வலை காயப்போட்ட விதம் சரியில்லை என்று அவர் போட்ட சத்தத்திலிருந்தே வலி கண்டுவிட்டதை அறிந்தேன். பிறர் கேட்டால் சண்டை என்று நினைப்பார்கள்.

6. விடுதியிலுள்ள மற்றப் பெண்களிடமும் கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் உடுப்பிட்டி ஞானாம்பிகை அம்மா, "திரையை இழுத்துவிட்டு இருங்கோ அண்ணை. அவ விடுகிற ஏச்சுக்கு உங்களுக்கு எங்களைத் திரும்பிப் பாக்க எங்கை நேரம்?" என்றார். மற்றவர்கள் சிரித்துச் சம்மதித்தார்கள். வெளியே போகச் சொல்லும் வேளையில் போய்விடுவேன்.

7. ஆகவே, சத்திரசிகிச்சை நாள் இரவும், ஆபத்தில்லை என்று வைத்தியர் சொல்லும் வரையான இரவுகளும் நான் அவரருகில் இருக்க அனுமதி தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். செவ்வாய்க்கு முன் தங்கள் பதில் கிடைத்தால் அவரும் மனம் ஆறிச் சத்திரசிகிச்சைக்குப் போவார்.

உள்ளே இருக்க வழியே இல்லையென்றால், அவரது கட்டிலுக்கு நேரே, வெளி விறாந்தையில், யன்னலோரமாக ஒரு கதிரை போட அனுமதியுங்கள். அவர் ஏசுவது எனக்குக் கேட்டால் போதும். என்ன நோகிறது என்று நான் தாதியிடம் சொல்லிவிடுவேன்.

இடம்: குருநகர்
திகதி: 14.03.2024

இங்ஙனம்,
தங்கள் தயவை நம்பியிருக்கும்,
(ஒப்பம்)
ம. அடைக்கலநாதன்