தக்காளி மாமாவுக்குத் திறக்காத கதவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சின்ன வயதில் நீ தக்காளி மாமா என்று கூப்பிடுவாயே, அவர் போன செவ்வாய்க்கிழமை தவறிவிட்டார். அன்று காலையில்தான் நான் பார்த்துக்கொள்கிற சந்தைக் குளிர் அறையில் எட்டுப் பெட்டி தக்காளி கொண்டுவந்து வைத்தார், ஸ்வெட்டரோடு நின்ற என்னைப் பார்த்து ஊரே வேகுது உங்களுக்கு மட்டும் மலைவாசமா என்று கேலி பண்ணிவிட்டுப் போனார். மத்தியானம் தோட்டத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அவருடைய ஒரே மகள் உன்னைப் போலவே தூர தேசத்தில் இருக்கிறாள், வந்து சேர இரண்டு நாள் ஆகும். பக்கத்தில் பிணவறை உள்ள ஆஸ்பத்திரி கிடையாது, ஐஸ் கம்பெனியும் மூடிக் கிடக்கிறது. சாயங்காலம் அவர் தம்பி வந்து, அண்ணனை இரண்டு நாள் குளிர் அறையில் வைக்க இடம் கொடுங்கள் என்று கேட்டார். கூரைமேல் சோலார் தகடு வைத்து ஓடும் பத்தடிக்குப் பத்தடி அறை அது, உள்ளே நாற்பது பேருடைய கீரை, காய், பால். பிணம் இருந்த அறையிலிருந்து யார் வாங்கிச் சாப்பிடுவார்கள்? முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார், அதுதான் என்னை இன்னும் அறுக்கிறது. மறுநாள் வெயில் ஏறுமுன் அடக்கம் செய்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை அவர் மகள் வந்தாள், பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே என்னிடம்தான் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், அப்பா கடைசியாக வைத்துவிட்டுப் போனதைப் பார்க்க வேண்டும் என்றாள். என் ஸ்வெட்டரைக் கொடுத்து உள்ளே அழைத்துப் போனேன். காம்பு கூட வாடவில்லை. ஒரு தக்காளியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அப்பா பறிச்சது கெடாம இருக்கு அத்தை, அப்பா முகத்தத்தான் பாக்க முடியல" என்றாள். என்னை மன்னித்துவிடம்மா என்றேன். அவள் ஸ்வெட்டரை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் செய்தது சரிதான் என்று உன் அப்பா சொல்கிறார். எனக்கும் தெரியும், ஆனாலும் குளிர் அறைக் கதவுப் பிடியில் வைத்த கை ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது. கண்ணு, உன்னை வா வா என்று நான் ஒருநாளும் நச்சரித்ததில்லை. இப்போது கேட்கிறேன், லீவு சேரட்டும், குழந்தைக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போடாதே, நாங்கள் நடமாடும்போதே ஒருதரம் வந்துவிட்டுப் போ. குழந்தையின் இருமலுக்கு மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் வாழ வேண்டும். வரும்போது ஒன்றும் வாங்கி வராதே, நீ வந்தால் போதும்.

அப்பாவின் ஆசியும் சேர்த்து,
உன் அம்மா