பில்லில் ஏறாத ஒரு தட்டு

பெரியவளின் அம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நானும் பெரியவளும் உயிரோடு இருக்கிறோம். பிரஷர் மாத்திரையை இன்று காலை விழுங்கிவிட்டேன். நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உன் அண்ணனுடைய முட்டி எப்படி இருக்கிறது? வாக்கர் பிடித்து வாசல் வரை போகிறார் என்றாய். சந்தோஷம். நின்றுகொண்டு என்னை அதட்டிப் பழகிய மனிதர், உட்கார்ந்தபடி போனில் அதட்டுவதைக் கேட்க எனக்கே என்னவோ போல் இருக்கிறது.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் அண்ணன் வீட்டில் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறீர்கள். போன வாரம் என் மலச்சிக்கலைப் பற்றி உன்னிடம் மெதுவாகச் சொன்னால், பின்னாலிருந்து உன் அண்ணி கொய்யாப்பழம் சாப்பிடச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் அதையும் அவரே படித்துக் காட்டுவார். அதனால்தான் உன் பழைய ஸ்வெட்டருக்குள் இதைச் சுருட்டி அனுப்புகிறேன். யாராவது கேட்டால் ஸ்வெட்டர் வந்தது என்று சொல். இதைக் குளியலறைக்குள் போய்ப் படி. தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்.

பதறாதே. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. விஷயம் உன் அண்ணன் மகனைப் பற்றியது. நம் வாண்டுவைப் பற்றியது.

நம் பெரியவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று சொந்தத்தில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவள் ஏதோ ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் தட்டுகிறவள். இந்த நகரத்தில் எந்த உணவகத்துக்கு விருது கொடுக்கலாம் என்று சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறவர்களில் அவளும் ஒருத்தி என்று தெரிந்தால், அன்றோடு அந்த வேலை போயிற்று. யார் என்று தெரியாத வரைக்கும்தான் அவளுக்கு மதிப்பு. அவள் தனியாகப் போய் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் யோசித்து யோசித்து மென்றால் சந்தேகம் வரும். பக்கத்தில் ஒரு கிழவன் இருந்தால், பாவம், அப்பாவை நல்ல இடத்துக்குக் கூட்டி வந்திருக்கிறது பொண்ணு என்று விட்டுவிடுவார்கள். அப்படித்தான் ஆயுள் முழுக்க மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய நான் இந்த வயதில் கோட்டு மாட்டிக்கொண்டு சாப்பிடப் போகிறேன். என் படிப்புக்கு இது அதிகம்தான். மோட்டார் மூடி அளவுக்குத் தட்டு, அதன் நடுவில் நட்டு அளவுக்குச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்கு வந்து தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறேன்.

அதற்குச் சட்டதிட்டம் உண்டு. நல்லா இருக்கு என்று வாய் திறக்கக் கூடாது. நல்லா இல்லை என்றும் முகம் சுளிக்கக் கூடாது. நான் ஒன்று, அவள் ஒன்று என்று வேறு வேறாகச் சொல்லி, பாதியில் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். சாப்பிட்டதற்கெல்லாம் பில் போட்டு வாங்க வேண்டும், ஓசியாக ஒரு மிட்டாய் கூட வாயில் போடக் கூடாது. அந்தச் சமையலறையில் தெரிந்தவர் யாரும் இருக்கவும் கூடாது. இதில் ஏதாவது தவறினால் அந்தச் சாப்பாடு சாப்பிட்டதாகவே கணக்கில் சேராது.

நேற்று மதியம் போனது ஒரு பெரிய கட்டடத்தின் உச்சி மாடியில் இருக்கும் இடம். பரிமாறுகிறவர்கள் ஆளுக்கொரு தேசம். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்ட பையன் பேசியது எந்த பாஷை என்றே புரியவில்லை. நான் தலையாட்டினேன், தண்ணீர் வந்தது. சமையலறைக்கும் நமக்கும் நடுவில் சுவர் கிடையாது. அடுப்பும் ஆட்களும் கண்ணெதிரே. பெரியவளுக்கு முன்னால் வேறு வேறு நாளில் இரண்டு பேர் அங்கே சாப்பிட்டு நல்லபடியாக எழுதியிருந்தார்களாம். இவள் மூன்றாவது ஆள், கடைசி ஆள். இவள் சரி என்றால் விருதுப் பட்டியலில் பெயர் வரும். இந்த வாரத்தோடு பட்டியலை மூடுகிறார்கள்.

நம் பெண்ணின் ஒரு குணம் உனக்குச் சொல்கிறேன். சாப்பாடு சுமாராக இருந்தால் என்னோடு கலகலவென்று பேசுவாள். நன்றாக இருந்தால் பேச்சு நின்றுவிடும், இரண்டு கையும் மடிக்குப் போய்விடும். நேற்று புகையில் வாட்டிய மீன் ஒரு துண்டு வந்தது. ஒரு வாய் வைத்தாள். கை இரண்டும் மடிக்குப் போயிற்று. சரி, இந்தக் கடைக்காரனுக்கு யோகம் அடித்துவிட்டது என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் தட்டை மாற்றினோம். அந்த மீன் மேல் ஏதோ ஒரு மிளகுப் பொடி. என் தும்மல் உனக்குத் தெரியாததா? முதல் தும்மலுக்குக் குழந்தைகள் அழும், இரண்டாவதற்கு நாய் குரைக்கும், மூன்றாவதற்குப் பக்கத்து வீட்டில் விளக்குப் போடுவார்கள். கைக்குட்டையைத் தேடுவதற்குள் மூன்றும் போய்விட்டது. அந்த இடமே திரும்பிப் பார்த்தது. அடுப்புப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்ற ஒரு நெடியவனும் திரும்பினான்.

நம் வாண்டு.

அவன் வேறு ஏதோ பெரிய ஹோட்டலில் இருப்பதாகத்தானே உன் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்? மாறிவிட்டானாம், போன மாதமே. விருது வந்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடி வைத்திருக்கிறான். ஒரு உணவகத்துக்குப் போவதற்கு முன்னால் அங்கே சமைக்கிறவர்கள் யார் யார் என்று பெரியவள் விசாரித்துவிட்டுத்தான் போவாள். இவன் பெயர் இன்னும் எங்கேயும் ஏறவில்லை. பள்ளிக்கூட லீவெல்லாம் நம் வீட்டில் கழித்த பயல் ஆயிற்றே, உலகத்தில் எந்த மூலையில் கேட்டாலும் என் தும்மலை அவன் கண்டுபிடிப்பான்.

பெரியவள் முகத்தை நான் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்தபடி, உதடு அசையாமல், "எழுந்திரிக்காதீங்கப்பா, கையாட்டாதீங்க" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை, கையாட்டவும் இல்லை. ஆனால் பல்லைக் காட்டிவிட்டேன். அவனைப் பார்த்ததும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. அவன் அங்கிருந்தே ஒரு விரலைக் காட்டினான், இதோ வருகிறேன் என்று.

கிளம்பிவிடலாமா என்று கண்ணால் கேட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் அதுவே பேச்சாகிவிடும் என்று அவளும் கண்ணாலேயே சொன்னாள். உட்கார்ந்திருந்தோம். எனக்கு முதுகெல்லாம் வேர்த்து, கோட்டு ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் அவனே ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாங்கள் கேட்காத தட்டு. அவர்களுடைய மெனுவிலும் இல்லாத தட்டு. நீ வீட்டில் இல்லாத நாளில் நான் அவனுக்கு முட்டை சுட்டுக் கொடுப்பேன், ஓரம் கருகிவிடும், அதைத்தான் முதலில் பிய்த்துத் தின்பான். அந்த முட்டைதான். உள்ளே பால் மாதிரி இளகி, ஓரம் மட்டும் கருகலாய் மொறுமொறுவென்று. "மாமா, நீங்க கருக்கினது தெரியாம நடந்துச்சு. நான் இதைக் கருக்கக் கத்துக்க ரொம்ப நாள் ஆச்சு" என்றான். நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மிளகுப் பொடி என்று சமாளித்தேன்.

பெரியவள் அதைத் தொடவில்லை. பக்கத்தில் நின்ற பையனைக் கூப்பிட்டு, இதையும் பில்லில் சேர்க்கச் சொன்னாள். வாண்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னக்கா, யாரோ மாதிரி? எங்க மாமாவுக்கு நான் ஒரு முட்டை குடுக்கக் கூடாதா?" என்றான். அவள் இரண்டாம் முறையும் பில்லில் சேர்க்கச் சொன்னாள். அந்தப் பையன் வாண்டு முகத்தைப் பார்த்தான், வாண்டு வேண்டாம் என்று தலையாட்டினான். அது சேரவில்லை.

அப்புறம் அவன் குனிந்து என் காதில் சொன்னதைக் கேள். யாரோ ரகசியமாக வந்து சாப்பிட்டுப் போகிறார்களாம். யார் என்றே தெரியாதாம். இந்த மாதம் முழுக்கத் தனியாக வருகிறவர்களையெல்லாம் பயந்து பயந்து பார்க்கிறார்களாம். விருது வந்தால் சமையலறையையே இவன் கையில் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். வராவிட்டால் வெளிநாட்டிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவருவார், அந்த ஆள் தன் ஆட்களோடு வருவார், இவன் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். இதைச் சொல்லிவிட்டுப் பெரியவள் பக்கம் திரும்பி, "அக்கா, நீ சொல்லு. சாப்பாடு அவார்டு குடுக்கிற மாதிரி இருக்கா?" என்று சிரித்தான்.

எனக்கு இதயம் ஒரு சுற்று சுற்றாமல் நின்றது, காயில் எரிந்த மோட்டார் மாதிரி.

அவள் தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள். "எனக்கு என்னடா தெரியும் இதெல்லாம்" என்றாள்.

அவன் பார்த்துக்கொண்டே நின்றதால் முட்டையை நான் சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன். எப்படி இருந்தது என்று உன்னிடமும் சொல்ல மாட்டேன், சட்டம் அப்படி.

 வீட்டுக்கு வந்ததும் அவள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டேவிட்டேன். மீன் வரைக்கும் நடந்ததை மட்டும் எழுதினால் என்ன? முட்டை விஷயம் அவனுக்கும் நமக்கும் தவிர யாருக்குத் தெரியும்? நம் வீட்டுப் பிள்ளை, தகுதி இல்லாதவனும் இல்லை. நீயே கையை மடியில் வைத்தாயே என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "நான் கொடுத்து அவன் ஜெயிச்சா, ஒருநாள் யாராவது இவன் அவளோட மாமா பையன்னு கண்டுபிடிப்பாங்கப்பா. அப்புறம் ஆயுசுக்கும் அவன் மீனை எவன் நம்புவான்?" என்றாள். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். என் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் எழுதினாள். சொந்தக்காரன், கேட்காமல் வந்த தட்டு, பில்லில் ஏறாதது, எல்லாம். அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. அழுதிருந்தாலாவது நான் போய்க் கதவைத் தட்டியிருப்பேன்.

இன்று காலை அவள் ஆபீஸிலிருந்து பேசினார்கள். நேற்றுச் சாப்பிட்டது கணக்கில் இல்லை. வேறு ஆளை அனுப்ப முடியுமா என்று இவள் கேட்டுப் பார்த்தாள், கெஞ்சாத குறைதான். பட்டியலை மூடப் போகிறார்கள், ஆள் இல்லை, நேரமும் இல்லை என்றுவிட்டார்கள். இந்த வருஷம் அந்த இடத்தின் பெயர் வராது.

அவள் போனை வைத்த சூட்டோடு என் போன் அடித்தது. வாண்டு. "மாமா, முட்டை எப்படி இருந்துச்சு? நேத்து அக்கா முன்னால கேக்கலை" என்றான். பெரியவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். "நல்லா இருந்துச்சுடா" என்றேன். சட்டத்தை மீறினேன். அடுத்த வாரமும் வாங்க மாமா, வேற ஒண்ணு செய்யறேன் என்றான்.

அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் காரணம் சொன்னால் ஆளையும் சொன்னதாகிவிடும். வாண்டு தங்கமான பிள்ளை, வாய் மட்டும் உன் அண்ணன் வாய். ஆற்றாமையில் முதலாளியிடம் ஒரு வார்த்தை விட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் இந்த நகரத்தின் அத்தனை சமையலறைச் சுவரிலும் நம் பெண்ணின் போட்டோ ஒட்டியிருக்கும். அவள் வேலையும் போய், அவனுக்கு வேலையும் வராது. அந்தக் கணக்கு எனக்கே புரிகிறது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாங்களே பார்த்துவிட்டதால் வாண்டு இனி மூடி வைக்க மாட்டான், இது உன் கைக்கு வரும் முன்னாலோ பின்னாலோ வீட்டுக்குப் பேசுவான். மாமாவும் அக்காவும் வந்தார்கள், முட்டை கொடுத்தேன் என்று சொல்வான். உன் அண்ணிக்குப் பூரிப்புத் தாங்காது. நீயும் பூரித்துக்கொள். அது பொய்யில்லை, அந்த முட்டைக்குப் பூரிக்கலாம். அப்புறம் ஒருநாள் பட்டியல் வரும், அதில் அவன் இடம் இருக்காது. ஸ்பீக்கரில் அவன் குரல் கம்மும். உன் அண்ணன் வாக்கரைத் தரையில் தட்டிக்கொண்டு, கண்ணு தெரியாத கபோதிப் பசங்க, நாக்கு செத்தவனுங்க என்று ஆரம்பிப்பார். அண்ணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எம் பிள்ளை வயித்துல அடிச்சவங்க நல்லாவே இருக்க மாட்டாங்க என்பார். பெற்றவள் வேறு எப்படிச் சொல்வாள்? அவர் மேல் கோபப்படாதே. எழுந்து அடுப்படிக்குப் போய்விடாதே, அண்ணிக்கு உன் முகம் ஒன்றே போதும், கண்டுபிடித்துவிடுவார். பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆமாம் அண்ணி என்று சொல். உன்னால் முடிந்தால் நீயும் இரண்டு வார்த்தை திட்டு. பெரியவளிடம் கேட்டுவிட்டேன், அம்மா நல்லா திட்டட்டும்ப்பா என்றாள்.

ஒன்றே ஒன்று. அவர்கள் ஒவ்வொரு முறை நல்லா இருக்க மாட்டாங்க என்று சொல்லும்போதும், நீ வாய்க்குள்ளேயே, யாருக்கும் கேட்காமல், நல்லா இருக்கணும் என்று சொல்லிவிடு. விட்டுவிடாமல் சொல். நானும் இங்கிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், அங்கே குளிராவிட்டாலும்.

உன்,
வீட்டுக்காரன்