முப்பத்துநாலில் நின்ற பாதரசம்

1953 ஜன. 19, திங்கள்

பனி. துறைமுகத்தில் கப்பல்கூடத் தெரியவில்லை. புறநோயாளிகள் அறுபதுக்கு மேல்.

அஞ்சலை வந்தாள். காசிமேடு, வயது 31. ஏழு வயதில் தொடங்கிய மூட்டு வீக்கம். விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் கோணல். கடற்கரையில் மீன் ஏலம் கூவுகிறாள். "கை ஒதவலன்னா இன்னா, தொண்டை கீதே!"

பெரிய டாக்டர் சொன்னபடி அளந்தேன். வலிக்கும் மூட்டுகள் 4. குழாயில் ரத்தம் படியும் வேகம் (நோய் கனன்றால் கூடும்) சாதாரணம். பிறகு கைப்பிடியின் பலம்: ரத்த அழுத்தக் கருவியின் பையைச் சுருட்டி, காற்றடைத்து, அமுக்கச் சொன்னேன். பாதரசம் 118. மோசமில்லை.

பெ.டா. எழுதினார்: "நோய் அடங்கிவிட்டது. மிச்சம் கோணல்தான். இனி வர வேண்டாம்."

அஞ்சலை நகரவில்லை. "பத்து மணிக்கு அமுக்கச் சொன்னா அமுக்குவேன் டாக்டரம்மா. விடியக்காலைல வந்து பாரு, கை கல்லு மாதிரி கீது. வேலைக்கு டிமிக்கி குடுக்கறேன்னு அண்ணி திட்டிக்கினே கீது."

20, செவ்வாய்

சோப்பு வாங்க மறந்தேன். அம்மாவுக்குக் கடிதம் பாக்கி. அஞ்சலை சொன்னதே மனதில். நாங்கள் அளப்பதெல்லாம் பத்து மணிக்கு மேல்தானே? நர்ஸிடம் கெஞ்சிக் கருவியை வாங்கி வைத்தேன்.

21, புதன்

விடியுமுன் ரிக்‌ஷாவில் அஞ்சலை வீட்டுக்கு. கருவி மடியில், துண்டு சுற்றி.

5.30. அண்ணி முணுமுணுத்துக்கொண்டே அஞ்சலையைப் பாயிலிருந்து தூக்கி உட்கார வைத்தாள். பையைக் கொடுத்தேன். அமுக்கினாள். முகமெல்லாம் வேர்வை. 34.

அண்ணி நம்பவில்லை. "குடு இங்க." அமுக்கினாள். 240க்குப் பாய்ந்தது. மறுபடி அஞ்சலை. 34தான்.

அண்ணி பின்னால் உட்கார்ந்து அஞ்சலைக்குத் தலை பின்ன ஆரம்பித்தாள்.

முதல் அளவை மட்டும் அஞ்சலைக்குச் சொன்னேன். அதன்பின் எட்டு மணிவரை விட்டுவிட்டு அளந்தேன்; ஒவ்வொரு முறையும், அமுக்குமுன், கண்ணை மூடிக்கொண்டு அவளே சொன்னாள். "இப்ப நாப்பது வரும்." 41. "ஆலைச் சங்கு ஊதட்டும், அறுவது." 58. எட்டு மணிக்கு, "தொண்ணூறு." 92!

எழுத்துத் தெரியாதவள். இருபத்துநாலு வருடம், ஒவ்வொரு காலையும் தன்னைத் தானே அளந்திருக்கிறாள். கருவி இன்றுதான் போய்ச் சேர்ந்தது.

22, வியாழன்

பெ.டா. நேற்றைய அளவுகள் எழுதிய தாளை மூன்று முறை படித்தார். தாம் எழுதிய வரியைத் தாமே அடித்தார். "அடங்கவில்லை அம்மா. நாம் பார்க்கிற நேரத்தில் ஒளிந்துகொள்கிறது." மருந்து தொடரும். இனி இப்படிப்பட்டவர்கள் எல்லாரிடமும் முதல் கேள்வி: காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு? சனிக்கிழமை விடியலில் பெரம்பூரில் ஒரு நோயாளி வீடு. பெ.டா.வும் என்னோடு வருகிறாராம்.

வராந்தாவில் அஞ்சலையும் அண்ணியும். விஷயத்தைச் சொன்னேன். அஞ்சலை என்னையே பார்த்தாள்.

"அப்போ அது நெசந்தானா டாக்டரம்மா? நானே சோம்பேறி போலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.