எழுபதில் நிற்காத முள்

என்னங்க, சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சாவி செருப்பு ஸ்டாண்டுல.

உங்க சுருட்டுப் பெட்டியை என் துணி அலமாரியிலேயே மறுபடி வச்சுட்டேன். இந்த ஒத்த ரூம்ல வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடம் அது ஒண்ணுதான். சுருட்டு காயாம இருக்க பெட்டிக்குள்ள வைக்கிற பஞ்சையும் நனைச்சாச்சு.

மூடியே இருந்தா ஈரம் காட்டுற முள் எழுபதுல நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் ஏன் நான் வேலை விட்டு வர்றப்பல்லாம் அறுபதுல நிக்குது? டாக்டர் முன்னாடி, "சேர்த்து மட்டும்தான் வைப்பேன், பிடிக்க மாட்டேன்"னு சொன்ன வாய்ல எதுக்குப் புதினா மிட்டாய் வாசனை? சாயங்காலம் வந்து முள்ளைப் பார்ப்பேன்.

பி.கு: இப்ப முள் இறங்கியிருக்கும். அது நான் தொறந்தது. நீங்க கோவிச்சுக்கிட்டுத் தலையணையைத் தூக்கிட்டு அடுப்பு மூலைக்குப் படுக்கப் போனதுலேருந்து, உங்க சட்டை வாசனை அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு.