படிவத்தில் நான் மாற்றி எழுதிய தேதி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பெரியம்மாவும் நலமாக இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாயா என்பதுதான் எங்கள் கவலை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாடிக் குழாய் ஒழுகியதை நானே சரி செய்தேன், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. போனில் பேசியிருக்கலாமே என்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். ஒரே வீட்டில் ஒருவருக்குத் தும்மலோடு போகிற நோய் இன்னொருவரை ஏன் சாகடிக்கிறது என்பதுதான் உன் ஆராய்ச்சி என்றாய். யாருக்கு எந்தத் தேதியில் காய்ச்சல் வந்தது என்று வீடு வீடாக நீ எழுதி வாங்கிய படிவங்களில் நம் வீட்டுப் படிவம்தான் புதிராக இருக்கிறதாம். வெளியே போகாத பெரியப்பாவுக்கு முதலில் காய்ச்சல், அப்பாவுக்கோ அதற்குப் பிறகுதான், அப்படியென்றால் கடைக்குப் போய்வந்த பெரியம்மாதான் தனக்கே தெரியாமல் கொண்டு வந்திருக்க வேண்டும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாய். பெரியம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். "அப்ப நான்தான் அவருக்குக் குடுத்துட்டேனா" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடித்தார்.

உன் மேல் தப்பில்லை கண்ணு. நீ படிவத்தை நம்பினாய், அதை எழுதியவன் நான். பெரியப்பாவுக்கு வருவதற்கு நான்கு நாள் முன்பே எனக்குத்தான் காய்ச்சல் வந்தது. என்னால்தான் என்று தெரிந்துவிடுமே என்று பயந்து தேதியை மாற்றி எழுதிவிட்டேன். மில் வாசலில் நின்று வருகிறவர் நெற்றியில் எல்லாம் கருவியைப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தவன் உன் அப்பா, எத்தனை பேரைக் கெஞ்சக் கெஞ்சத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று காலை எனக்கே உடம்பு கொதித்தது. கருவி என் கையில்தான் இருந்தது, என் நெற்றியில் மட்டும் பிடிக்கவில்லை. பிடித்தால் எண் வந்துவிடுமே. ஊருக்குத்தான் உபதேசம். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நின்றேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பெரியப்பா, "கரடி மாதிரி ஆயிட்டேன்டா, முடிய வெட்டி விடு" என்றார். ஊரடங்கில் சலூன் எல்லாம் மூடிக் கிடந்த சமயம் அது. முடி பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தினேன், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று ஜன்னலைச் சாத்தினேன். ஒரு மணி நேரம் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து பேசிச் சிரித்து வெட்டினேன், முகக்கவசம் என் தாடையில் கிடந்தது. எனக்கு இரண்டே நாளில் சரியாகிவிட்டது. நான்காம் நாள் படுத்த அண்ணன், ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அவருடைய சர்க்கரையா, வயதா, நான் சாத்திய ஜன்னலா, எது என்று நீ கண்டுபிடி, அது உன் வேலை. அப்பா மனசு நோகும் என்று எதையும் மறைக்காதே. தேதியைத் திருத்துவது என் வேலை, சரியான படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உறையை ஒட்டுவதற்கு முன் இதைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனை நாலு வார்த்தை திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "அன்னைக்கு அவருக்கு முடி நல்லா வெட்டியிருந்தீங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே போடு. மறக்காமல் பெரியம்மாவிடம் பேசு, ஸ்பீக்கர் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் படிவத்தில் முதல் வரியில் இருக்க வேண்டிய
அப்பா