எஞ்சினை நிற்பாட்டிய கை

கோயில் பெருநாளுக்கு எஞ்சின் இயக்கிவிட்டு வந்தேன். மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கழுவியும் டீசல் மணம் போகவில்லை. சோற்றில் கை வைக்கக் குமட்டுகிறது. குமட்டுவது டீசலா, இந்தக் கையா என்று கேட்டால் நீர் சிரித்திருப்பீர், வாத்தியார்.

ஊர்காவற்றுறை வாசிகசாலைப் பின்னறையில் நான்கு கணினிகள் வைத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தீர். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த மேதை, ஜெனரேற்றர் எஞ்சினுக்குப் பொறுப்பு. மீனை இழுத்துக் கூடையில் போட்டால் பின்னம் கூட்டும் விளையாட்டொன்றை நீரே செய்தீர்.

"விளையாட்டு பிள்ளையின்ர கணினியில ஓடும். புள்ளி கொழும்பில இருக்கிற படிப்புத் தளத்துக்குப் போகவேணும். ரெண்டையும் நான் சேர்த்து வைக்கிறன்."

"தரகர் வேலையோ வாத்தியார்?"

"ஓம். மாப்பிளை ஒரு பாஷை, பொம்பிளை வேறை பாஷை."

நாலு மாதம் மினக்கெட்டுச் சேர்த்துவைத்தீர். தளத்தில் விழும் புள்ளியைப் பார்த்துத்தான் யாழ்ப்பாணத்துக் கணினி வகுப்புக்கு ஆள் எடுப்பார்கள். என் மூத்த மகளும் அந்த விளையாட்டிலேயே சோதனை எழுதினாள். எல்லாத் திரையிலும் 'மிக நன்று' விழுந்தது. எழுவைதீவுப் பிள்ளைகளை வள்ளம் ஏற்ற நீர் இறங்குதுறைக்குப் போனீர். "புள்ளி லைனில ஊர்ந்துதான் போகும். நான் வந்து கை காட்டினாப் பிறகு நிப்பாட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர். நான் பார்த்தேன்: எல்லாக் கதிரையும் வெறுமை. ஆளில்லாத அறைக்கு எஞ்சின் எதற்கு? நிற்பாட்டினேன். மிச்சம் பிடித்த டீசலைப் போத்தலில் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்து அழகும் பார்த்தேன்.

அடுத்த கிழமை, வகுப்புக்கு ஆள் எடுக்கும் அதிகாரி வந்தார். தளத்தில் எல்லாருக்கும் பூச்சியம். "தீவுப் பிள்ளையளுக்குத் தூண்டில் காணும், கணினி எதுக்கு" என்றார். அந்த வாயை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது.

"பிள்ளையள் செய்தவை, சேர். என்ர இணைப்பிலதான் பிழை" என்றீர்.

வாசலில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. துப்பலில் பாதி எனக்கும் உரியது.

அவர் போன பிறகு, "லைன் அறுந்த நேரம் இதில பதிஞ்சிருக்கு" என்று திரையைக் காட்டினீர். என் கையைப் பார்த்தீர். பிறகு தேத்தண்ணி வாங்கித் தந்தீர். ஏசியிருக்கலாம்.

அன்று பின்னேரம் மகள், "அப்பா, நான் எல்லாம் சரியாத்தானே செய்தனான்?" என்று கேட்டாள்.

"கொம்பியூட்டரை நம்பேலாது, பிள்ளை" என்றேன்.

அடுத்த மாரியில் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோனது. இணைக்கத் தெரியாத வாத்தியார் என்ற பெயரோடேயே போனீர்.

இன்று சின்னவள் கணினி படிக்கக் கேட்டாள். மூத்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "உந்தக் கொம்பியூட்டரை நம்பேலாதடி. அப்பாவே சொன்னவர்."

என் பொய், அவள் வாயில், வேதவாக்காக. சீ.

அதனால்தான் கழுவிய கையோடு இதை எழுதுகிறேன். உம்மிடம் கொண்டுவந்து தர வழியில்லை, மூத்தவளிடம் கொடுக்கப்போகிறேன். கொடுத்துவிட்டு ஓடமாட்டேன், வாத்தியார். அவள் முழுவதும் வாசித்துக் கை காட்டும்வரை அங்கேயே நிற்பேன்.